எறங்குடா, அர்ச்சுனா!

“எறங்குடா கீழே! எறங்கறயா, இல்ல மரத்தை வெட்டட்டுமா?”

முனியசாமி மேஸ்திரி போட்ட சத்தத்தில் எஸ்டேட் மைதானமே திரும்பிப் பார்த்தது. கூத்துக்கென்று படி அடித்து நட்டு வைத்த கற்பூர மரத்தின் பாதியில், சடாமுடியும் காவியுமாக அர்ச்சுனன் வேஷத்தில் நின்ற இருளப்பன் மட்டும் திரும்பவில்லை. அடுத்த படியில் காலை வைத்து அடுத்த பாட்டை எடுத்தான்.

கீழே நின்ற வேலாயிக்கு ரத்தம் கொதித்தது. மேஸ்திரி மேல் பாதி, புருஷன் மேல் பாதி.

சிலோன் கப்பலை விட்டு இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, மஞ்சூர் மலைக்கு வந்து இது இரண்டாவது கோடை. இருளப்பனுக்கு இன்னும் தற்காலிக வேலைதான். “கோடை விழாவுல உங்க சிலோன் கூத்து ஒண்ணு போடு. தொரை மெச்சுனா உன்னையப் பெர்மனென்ட் பண்ணச் சொல்றேன்” என்று மேஸ்திரியே வாயைத் திறந்து சொல்லியிருந்தார். பெர்மனென்ட் ஆனால் லயத்து வரிசையில் தனியாக ஒரு அறை, ஒரு காம்பிரா கிடைக்கும். இப்போது ஒரே காம்பிராவில் இரண்டு குடும்பம், நடுவில் சாக்குத் திரை.

அதற்குத்தான் இந்த மனுஷன் உலை வைத்துக்கொண்டிருந்தான்.

கோளாறு மேஸ்திரியிடம் ஆரம்பித்தது. ‘அர்ச்சுனன் தபசு’ என்றதும், மரம் ஏறுகிற கூத்துத்தானே, வழுக்கு மரம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துவிட்டார். சாக்கு ஓட்டத்துக்கும் கோயமுத்தூர் பாட்டுக் கச்சேரிக்கும் நடுவில் கால் மணி நேரம் ஒதுக்கினார். கேட்டுத் தெரிந்துகொள்வது மேஸ்திரி உத்தியோகத்துக்கு அழகில்லையே!

தபசு என்றால் படிக்கு ஒரு பாட்டு. உச்சிக்குப் போய்ச் சிவனிடம் வரம் கேட்க வேண்டும். பிறகு மரத்தடியில் படுத்திருக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு பாட்டுப் பாடி எலுமிச்சம்பழம் போட வேண்டும். அதற்கப்புறம்தான் இறங்கலாம்.

மூன்று பெண்கள் படுத்திருந்தார்கள். தலைக்குக் குளித்து, ஈர மஞ்சள் சேலையை முக்காடிட்டு, முகம் தெரியாமல் குப்புற. பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள். யார் என்று விசாரிக்கக் கூடாது. விசாரித்தால் எவள் வருவாள்? கூட்டி வந்து படுக்க வைத்த சின்னம்மைக்கு மட்டும் தெரியும். அவளும் வாயைத் திறக்க மாட்டாள்.

“தொரை வந்து எத்தனை நேரமாச்சு! பரிசு குடுத்துப்போட்டு ஊட்டிக்குப் போகோணும்கறாரு. இவன் ஆடி அசைஞ்சு மேல போறான்!” மேஸ்திரி குதித்தார்.

பந்தலில் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கச்சேரிக்காரர்கள் பெட்டியை எடுத்து வெளியே வைத்துக்கொண்டு முறைத்தார்கள்.

வேலாயி மரத்தடிக்கு ஓடினாள். “இந்தாங்க, போதும், எறங்குங்க! நம்ம பொழப்பு போயிரும்!”

அதற்குள் உச்சிக்குப் போய் வரமும் கேட்டுவிட்ட இருளப்பனின் குரல் வந்தது. “பாதியில எறங்குனா, படுத்திருக்கவங்க கதி என்ன புள்ள?”

“நம்ம கதிய யாரு பாக்குறது?”

பதிலுக்கு ஒரு எலுமிச்சம்பழம் விழுந்தது. முதல் பெண் அதை மடியில் கட்டிக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த பாட்டு, அடுத்த பழம். இரண்டாவது பெண்ணும் போனாள்.

துரை எழுந்து ஜீப்பில் ஏறிக் கிளம்பிவிட்டார். பரிசுக் கோப்பைகள் மேசையிலேயே நின்றன.

அவ்வளவுதான். மேஸ்திரிக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. கூத்துக்குத் தப்புப் பறை அடித்துக்கொண்டிருந்த தங்கையாவின் கையிலிருந்து தப்பைப் பிடுங்கிப் புல்லில் எறிந்தார்.

“என்றா நெனச்சிட்டிருக்கறே? எவளோ ஒரு மலடிக்காவத் தொரைய அனுப்பிப்போட்டயே! சோத்துக்கு வழியில்லாம கப்பலேறி வந்த நாய்க்குக் கொழுப்பைப் பாரு! நாளையிலிருந்து வேலைக்கு வராதே. உம் பேரை வெட்டியாச்சு!”

தாளம் இல்லாமல் இருளப்பனின் குரல் மேலே தடுமாறியது.

புருஷன் மேல் இருந்த பாதிக் கோபமும் வேலாயிக்கு இடம் மாறியது. வேலை போனது போகட்டும். சாக்குத் திரைக்குப் பின்னால் இன்னும் நாலு வருஷம் கிடந்தால் செத்தா போவோம்? ஈரத்தில் நடுங்கிக்கொண்டு, இத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டு, முகத்தைத் தூக்கக்கூட வழியில்லாமல் கிடக்கிறாளே ஒருத்தி, அவளைப் பார்த்தா இந்தச் சொல்?

“நீங்க பாடுங்க!” என்று மேலே பார்த்துக் கத்தினாள். மேஸ்திரியின் முகத்துக்கு நேரே நின்று கையைத் தட்டித் தாளம் போட்டாள். சின்னம்மை சேர்ந்துகொண்டாள். அப்புறம் லயத்துப் பெண்கள் எல்லோரும் தட்டினார்கள்.

பாட்டு முடிந்தது. மூன்றாவது பழம் அந்தப் பெண்ணின் நீட்டிய கைகளுக்கு நடுவில் வந்து விழுந்தது.

இருளப்பன் இறங்கி வந்தான். யார் பக்கமும் பார்க்காமல் சடாமுடியைக் கழற்றினான். இத்தனை நேரம் மரத்தில் நின்றவனுக்கு வேலாயி தோள் கொடுத்தாள்.

மேஸ்திரிக்கு இன்னும் ஆறவில்லை. படுத்திருந்தவள் பக்கம் திரும்பினார். “பழம் கெடைச்சுதல்ல? எந்திரிச்சு நடையக் கட்டு! உன்னாலதான் ஒருத்தன் பொழப்பே போச்சு.”

அவள் மெதுவாக எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். முக்காட்டை விலக்கினாள்.

“ஏனுங்க, அந்தண்ணன் வேலையப் புடுங்கறதா இருந்தா, இந்தப் பழத்தையும் திருப்பிக் குடுத்துரட்டுங்களா?” என்று கேட்டாள், முனியசாமி மேஸ்திரியின் மனைவி வீரம்மா.