கறுப்புக் கரைத் தாள்கள்

மாலை வெயில் மோந்தெசோர்தோவின் தேவாலயச் சுவரில் சாய்ந்து விழுகிறது. எங்கள் ஊரில் செத்தவர்களின் பெயரை இந்தச் சுவரில்தான் ஒட்டுவோம். கறுப்புக் கரை போட்ட தாள்கள், பழசின் மேல் புதுசு. காற்றில் அவற்றின் ஓரங்கள் படபடக்கின்றன. ஆளே வராத ஊராகத் தேடிப் பிடித்து மிலானிலிருந்து வந்திருக்கும் இளைஞன், கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, காப்பிக்கடை வாசலில் சீட்டாடும் எங்களிடம் திரும்புகிறான். "இதையெல்லாம் கிழிச்சிடலாமா? அபசகுனமா இருக்கு. படம் நல்லா வந்தா கூட்டம் தன்னால வரும்." கூட்டம் என்றதும் கடைக்காரன் தொனாத்தோ தாள்களைச் சுரண்ட ரொட்டிக் கத்தியோடு எழுந்துவிடுகிறான். அதற்குள் எர்மெலிந்தா சந்துப் படியேறி வருகிறாள். ஒரு கையில் பசை வாளி, மறு கையில் சுருட்டிய தாள். அவள் புருஷன் போய் நாளையோடு ஒரு வருஷம், அதற்கான அறிவிப்பு. "தொனாத்தோ, உங்கப்பன் பேரும் அடியில இருக்கு. அதுலேருந்து ஆரம்பிடா," என்கிறாள். கத்தி தாழ்கிறது. இளைஞன் குழைகிறான்: "அம்மா, அந்த ஓரமா ஒட்டுங்களேன், படத்துக்கு வெளியே." அவள் முக்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்து, கேமராத் திரையில் சுவரின் நட்டநடு எது என்று பார்த்துக்கொள்கிறாள். நேரே நடந்து போய் அங்கேயே பசையைத் தடவி, தாளை ஒட்டி, சட்டையை நீவிவிடுவது போல உள்ளங்கையால் சுருக்கம் எடுக்கிறாள். பிறகு விலகி நின்று கையைத் துடைத்துக்கொள்கிறாள். "இப்ப எடு தம்பி. படம் எடுத்துக்கறதுன்னா அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."