கிளம்பாத தோணி

“இன்னிக்கும் இன்ஜின் ரிப்பேரா ஹஸீன்?” அந்தச் சின்னத் தீவின் தோணித்துறையில் பெட்டியை வைத்துவிட்டுக் கத்தினாள் நர்ஸ் நஹூலா. “நாலு நாளா இதே கதை. நாளைக்குள்ள மாலே ஆஸ்பத்திரியில சேரலன்னா மாற்றல் உத்தரவே ரத்தாயிடும்!”

“நான் என்ன பண்றது அக்கா? மத்த தோணியெல்லாம் மீனுக்குப் போயிடுச்சு. ஷிஃபானா ரொட்டியும் மாசிக் கருவாடு போட்ட தேங்காய்த் துருவலும் குடுத்துவிட்டிருக்கா, சாப்பிடுங்க.”

“உன் பொண்டாட்டி நாலு நாளா சோறு போடறா. நீ தோணியை எடுக்க மாட்டேங்கற. வெக்கமா இல்ல?”

ஹஸீனுக்குச் சுருக்கென்றது. சொந்த ஊரான மாலேக்குப் போக, நஹூலாவே எழுதிப் போட்டு ஒன்பது வருஷம் காத்திருந்து வாங்கிய மாற்றல் அது. கயிற்றுச் சுருளுக்கு அடியில் கையை விட்டு, இன்ஜின் பெல்ட்டை எடுத்தான்.

“மன்னிச்சிடுங்கக்கா. நான்தான் கழட்டி ஒளிச்சு வெச்சேன். என் மூணு பிள்ளைங்களும் உங்க கையிலதான் பொறந்தாங்க. தீவே சேர்ந்து ‘அக்காவை அனுப்பிடாதே’ன்னுச்சு. அதுக்காக உங்க ஆசையில மண்ணைப் போடக் கூடாதுல்ல.”

நஹூலா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவன் பெல்ட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் மூச்சுகூட விடவில்லை. குனிந்து பார்த்தான். பேட்டரி வயரைக் காணோம்.

“சத்தியமா இது நான் இல்லக்கா!”

“தெரியும்” என்று ரொட்டியைப் பிய்த்தாள் நஹூலா. அவள் பெட்டியின் மூடி இடுக்கில் சிவப்பு வயரின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

“நாளன்னிக்குத் தரேன். இப்ப உக்காந்து நீயும் சாப்பிடு.”