நாற்பது போலீஸ்காரர்கள்

மேயருக்கும் போலீசுக்கும் நடந்த சண்டையில் அதிகம் களைத்துப்போனவர் மேயரின் பி.ஏ. ஜம்புதான். டில்லி கரோல் பாக்கில் தள்ளுவண்டிக் கடைகளை அகற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்து மூன்று வாரமாகிறது. காவலுக்கு நாற்பது போலீஸ்காரர்களை அனுப்பும்படி, காரமான வார்த்தைகளாகத் தேடிப் பிடித்து, தினமும் ஒரு கடிதம் அடிப்பார் ஜம்பு. ‘ஆள் இல்லை’ என்று போலீஸ் துணை கமிஷனரான டி.சி.பி.யிடமிருந்து பதில் வரும். மறுநாள் பேப்பரில் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும்.

வியாழக்கிழமை வந்த பதிலைப் படித்ததும் ஜம்பு மேயரின் அறைக்குள் ஓடினார்.

“மேடம், ஜெயிச்சுட்டோம்! நாளைக்குக் காலம்பற நாற்பது பேரையும் அனுப்பறாளாம்!”

மேயர் ஸ்வப்னாவின் முகம் வெளுத்துவிட்டது. உடனே டி.சி.பி.க்குப் போன் போட்டார்.

“என்ன பாய் சாப் இது? வண்டிக்காரங்க கேஸ் திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வர்ற வரைக்கும் ஆள் இல்லைன்னே சொல்றதாத்தானே நாம பேசி வெச்சிருந்தோம்? அச்சா... உங்களை நேத்தே மாத்திட்டாங்களா? இது புது ஆள் கையெழுத்தா?”

போனை வைத்தார்.

மூன்று வாரச் சண்டை ஜம்புவுக்கு அப்போதுதான் புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“புது டி.சி.பி.க்கு ஒரு லெட்டர் அடிச்சுடட்டுமா மேடம்? ‘உதவிக்கு நன்றி. எங்கள் புல்டோசர் இரண்டும் ரிப்பேர். திங்கட்கிழமைதான் தயாராகும்.’”

மேயர் நிமிர்ந்து பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமைன்னே போட்டுடுங்க, ஜம்பு சார்.”