நாற்பத்தைந்தாம் பெட்டி

"வாய் நாப்பத்தஞ்சுங்குது. கண்ணு என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம். மாசோ, எடுய்யா அந்தப் பெட்டிய!"

ஃப்ளாரன்ஸ் நகரத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வியேரி போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அவருடைய தங்கை நான்னா விதவை. அவளைப் பெண் கேட்டு வந்திருப்பவர் கம்பளி வியாபாரி பிந்தோ. அவரும் மனைவியை இழந்தவர். நான்னா என்றால் மனிதருக்கு உயிர். ஆனால் ஐம்பதைத் தாண்டியவனுக்குத் தங்கையைத் தரமாட்டேன் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். தனக்கு நாற்பத்தைந்துதான் என்று பிந்தோ சாதித்தார்.

மாசோவின் கடையில் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று வயது எழுதிய பெட்டிகள் வரிசையாக இருக்கும். அந்தந்த வயதுக்கு அந்தந்தக் கண்ணாடி. ஆள் புளுகினாலும் அங்கே கண் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஊரே நம்பியது.

மாசோ நாற்பத்தைந்தாம் பெட்டியைத் திறந்தார். பிந்தோ கண்ணாடியை எடுத்து மூக்கில் கவ்வவிட்டார். வியேரி தன் ஜெபப் புத்தகத்தை நீட்டினார். எழுத்தெல்லாம் கடுகு கடுகாக இருந்தது.

"எங்கே, வாசிங்க."

பிந்தோ கடகடவென்று வாசித்தார். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டார்.

"போதும், போதும்! பூசையையே முடிச்சிடுவீங்க போலிருக்கே. இருங்க, சரியாத்தான் வாசிச்சீங்களான்னு நானும் பார்க்கணும்ல?"

பிந்தோவின் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி வியேரி தானே மாட்டிக்கொண்டார்.

"ஐயா, அது உங்களுக்குச் சரிப்படாது," என்று மாசோ பதறினார்.

"என்னய்யா சரிப்படாது? ஒவ்வொரு எழுத்தும் பளிச்சுனு தெரியுது! அப்போ எனக்கும் நாப்பத்தஞ்சுதான். அறுபதுன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்துட்டா எங்கம்மா! பத்துப் பிள்ளை பெத்தவ, யார் வயசையோ தூக்கி என் தலையில கட்டிட்டா!"

பிந்தோவும் சிரித்துவைத்தார். "அப்போ கல்யாணத்தை எப்போ வச்சுக்கலாம்?"

"அது முடிஞ்சாச்சுன்னு வச்சுக்குங்க, மாப்பிள்ளை. ஆனா ஒண்ணோட ஏன் நிறுத்தணும்? ரெண்டா நடத்திடலாம். உங்க மக லாப்பாவுக்கு வரன் பார்க்கிறீங்களாமே? அவளுக்கு இருபத்திரண்டு, எனக்கு நாப்பத்தஞ்சு. நம்ம ஊர்ல இதெல்லாம் ஒரு வித்தியாசமா? நானும் எத்தனை நாளைக்குத்தான் தனிக்கட்டையாவே இருக்கிறது? என்ன சொல்றீங்க... மாமா?"

பிந்தோ மாசோவைப் பார்த்தார். மாசோ கூரையைப் பார்த்தார். அறுபதாம் பெட்டிக் கண்ணாடியை நேற்றுத்தான் இருவரும் சேர்ந்து நாற்பத்தைந்தாம் பெட்டிக்குள் மாற்றி வைத்தோம் என்று எந்த வாயால் சொல்வது?