பம்ப் ரூமில் ஊதுபத்தி

"மெஷின்ல குறை இல்லேன்னா, கை வெச்சவன்கிட்டதான் குறை. யார் கெடுத்தாங்களோ, அவங்க இனிமே இந்தப் பம்ப் ரூமுக்குள்ள காலெடுத்து வெக்கக் கூடாது. நான் சொன்னா சொன்னதுதான்."

கோட்டூர்புரம் குடியிருப்பின் சங்கத் தலைவர் விஜயராகவன் இதைச் சொல்லிவிட்டுத் தோட்டக்காரர் குப்பனை ஒரு பார்வை பார்த்தார். குப்பன் தலையைக் குனிந்துகொண்டார். வேலையென்று அவருக்கு இருந்தது அந்தக் குடியிருப்பின் பூங்கா ஒன்றுதான்.

சாருலதா கருவிப் பெட்டியைக் கீழே வைத்தாள். மெஷினை விற்ற கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் அவள். போன மாதம் தன் கையாலேயே பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போனவள். அதற்கு முன்பெல்லாம் குப்பன் தினமும் குடம் குடமாகத் தண்ணீரைப் பம்ப்பின் வாயில் ஊற்றி, கிணற்றுத் தண்ணீர் வரும்வரை அதோடு மல்லுக்கட்டுவார். இப்போது அந்தப் பாடு இல்லை. பக்கத்தில் ஒரு சின்ன வேக்வம் மோட்டாரும் ஓர் இரும்புத் தொட்டியும் வந்துவிட்டன. மோட்டார் குழாயிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், காலியான இடத்துக்குத் தண்ணீர் தானாக ஏறி வந்துவிடும். அப்புறம் பெரிய பம்ப்பைப் போட வேண்டியதுதான்.

ஆனால் மெஷினின் திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து தண்ணீர் ஏறவில்லை. புல்தரை பழுத்துப் போனது, மாங்கன்றுகள் துவண்டு தொங்கின. குப்பன்தான் எதையோ இடித்து உடைத்துவிட்டார் என்று விஜயராகவன் முடிவு கட்டிவிட்டார். சாயங்காலம் சங்கக் கூட்டத்தில் அவரை வேலையை விட்டு அனுப்பப் போவதாக எல்லோரிடமும் சொல்லியும் ஆகிவிட்டது.

"நா இன்னாத்த தொட்டேன் மேடம்? பட்டன அமுக்கனேன், தண்ணி வர்ல. வேற ஒண்ணியும் தெரியாது," என்றார் குப்பன்.

"நீங்க ஒண்ணும் பயப்படாதீங்கண்ணா. இன்னிக்குத் தண்ணி வராம நான் இங்கேயிருந்து போக மாட்டேன்."

சும்மா ஆறுதலுக்குச் சொன்னதில்லை. அறைக்குள் நுழைந்ததுமே அவள் கண்ணில் ஒன்று பட்டுவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. விஜயராகவன் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். காதால் கேட்டு நம்ப மாட்டார், கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் நாலு பேர் முன்னால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார்.

அதனால் முறைப்படியே ஆரம்பித்தாள். வேக்வம் மோட்டாரின் எண்ணெயை மாற்றினாள். குழாயின் வடிகட்டி வலையில் அடைத்திருந்த இலைகளை எடுத்துக் கழுவினாள். தொட்டிக்குள் மிதவை ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் விஜயராகவன், அதெல்லாம் தானே பார்த்தாகிவிட்டது, பெரிய பெரிய தொழிற்சாலையையே கட்டி மேய்த்தவன் தான் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். மோட்டாரைப் போட்டபோது மீட்டரின் முள் பாதி வரை ஏறியது. நிறுத்தியதும் பொத்தென்று கீழே விழுந்தது.

"எங்கேயோ காத்து உள்ளே வருது சார். ஓட்டை ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சின மாதிரிதான். எங்கேன்னு காட்டிடறேன். ஒரு ஊதுபத்தி கிடைக்குமா?"

விஜயராகவனுக்கு முகம் சிவந்துவிட்டது. இன்ஜினியரிங் படித்த பெண், மெஷினுக்குப் பூஜை போடப் போகிறதா?

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜானு மாமிக்கோ வாயெல்லாம் பல். "நான் அன்னிக்கே சொன்னேன், யார் காதுலயாவது விழுந்ததா? திறப்பு விழாவுக்கு ஒரு பூசணிக்காய் உடைக்கலை. எல்லாம் திருஷ்டி. எங்காத்துல வாசனைப் பத்தியே இருக்கு, எடுத்துண்டு வரேன்."

மாமி ஊதுபத்தியோடு கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுவந்தாள். சேதி பரவி, பாதிக் குடியிருப்பு பம்ப் ரூம் வாசலில் கூடிவிட்டது. அம்பி மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பிக்கொண்டே நின்றார். இவ்வளவு பெரிய மெஷினை வாங்கிவிட்டுக் கடைசியில் சாமி கும்பிடுகிறோமே என்று விஜயராகவன் மட்டும் முணுமுணுத்தார்.

சாருலதா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊதுபத்தியை மட்டும் வாங்கிக் கொளுத்தினாள். ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, வேக்வம் மோட்டாரைப் போட்டாள்.

"பூஜை இல்லை சார், இதுதான் டெஸ்ட். புகை எப்பவும் மேலேதான் போகும். எந்த இடத்துல உள்ளே போகுதோ, அங்கேதான் ஓட்டை. ஓட்டை போட்டது யாருன்னு அப்புறம் நீங்களே விசாரிச்சுக்கலாம்."

"தாராளமா. யாரா இருந்தாலும் சரி, வெளியேதான்," என்று விஜயராகவன் குப்பனைப் பார்த்தபடி சொன்னார்.

அவள் பத்தியைக் குழாயின் ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டு போனாள். புகை நேராக மேலே போனது. அடுத்த இணைப்பிலும் அப்படியே. குப்பன் தினமும் திறந்து மூடும் வால்வுக்கு வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அங்கேயும் புகை மேலேதான் போனது. குப்பனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கடைசியாக இரும்புத் தொட்டியின் முன்பக்கம் வந்தாள். புகை சட்டென்று வளைந்தது. அங்கே இருந்த ஒரு ஸ்க்ரூவின் அடியில் புகுந்து உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது.

"இங்கே தொட்டியையே துளைச்சு ஸ்க்ரூ அடிச்சிருக்காங்க சார். யாரு?"

எல்லோரும் விஜயராகவனைத் திரும்பிப் பார்த்தார்கள். திறப்பு விழாவன்று ஒருவரையும் கிட்டே விடாமல், தம் கையாலேயே டிரில்லிங் மெஷினைப் பிடித்து அவர் மாட்டிய பித்தளைத் தகடு அந்த ஸ்க்ரூவில்தான் பளபளத்தது: 'திறந்து வைத்தவர் – சங்கத் தலைவர் விஜயராகவன்.'