எட்டாம் நம்பர் ஸ்பேனர்

டூல்ஸ் பெட்டியில் எட்டாம் நம்பர் ஸ்பேனரின் பள்ளம் காலியாக இருந்தது. மெக்கானிக் பதறிப்போனான்.

ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் உருவத்தில் ஸ்பாஞ்சில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் எண்ணிப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால்தான் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் விமானம் பட்டறையை விட்டு நகராது. ஆனால் பட்டறைப் பழக்கம் வேறு: கையெழுத்து முதலில், எண்ணுவதெல்லாம் தோன்றினால் அப்புறம். அவனும் ஒரு மணி நேரம் முன்னால் எண்ணாமலேயே போட்டுத் தொலைத்திருந்தான்.

பெட்டியைக் கவிழ்த்தான், பைகளைத் துழாவினான், பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்தான். ஸ்பேனர் இல்லை. அப்படியானால் காலையில் அவன் மூடிய இன்ஜினுக்குள்தான் கிடக்க வேண்டும். அந்த விமானத்தில் இப்போது ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றான் பக்கத்துப் பெட்டிக்காரன். பத்து வருஷக் கூட்டாளி.

விஷயத்தைக் கேட்டதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "வாயை மூடிக்கிட்டு இரு மச்சான். எல்லார் பெட்டியிலயும் ஒண்ணு ரெண்டு குறையத்தான் செய்யும். இன்னிக்குப் போய் இதைச் சொன்னே, உன் படிப்பு அம்பேல்!"

அந்தப் படிப்புதான் இடித்தது. விமானப் பாதுகாப்பில் இரண்டு வருட மேற்படிப்புக்குக் கம்பெனி ஒரே ஒருவரை அனுப்பப் போகிறது. முடித்து வந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அதிகாரி நாற்காலியில் உட்காரலாம். கூட்டாளியும் விண்ணப்பித்திருந்தான். யாருக்கு இடம் என்று பாதுகாப்பு அதிகாரி அம்மா இன்று சாயங்காலம் சொல்வதாக இருந்தது. அதற்குள் மெக்கானிக்கின் மனைவி அக்கா தங்கை எல்லாரிடமும் டமாரம் அடித்துவிட்டாள். இப்போது போய் அதே அம்மாவிடம், 'நான் பொய்க் கையெழுத்துப் போட்டவன்' என்று சொல்வதா?

நூற்றெண்பது உயிர் ஆச்சே! கால் தானாக மாடிப்படியில் ஓடியது.

அதிகாரி அவனைவிட வயதில் சின்னவள். அந்தப் படிப்பை முடித்து வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"மேடம், பிளேனை நிறுத்துங்க! என் பெட்டியில ஒரு ஸ்பேனரைக் காணோம். எண்ணாமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உட்காருங்க. எட்டாம் நம்பரைக் கடைசியா எப்ப கையில எடுத்தீங்க?"

"டீக்குப் போறதுக்கு முன்னாடி, இன்ஜின் மூடியை மாட்டுறப்ப. அப்புறம் எங்க வச்சேன்னு ஞாபகமே இல்ல. உட்கார நேரமில்ல மேடம், ஃபோனைப் போடுங்க!"

அவள் ஃபோனைத் தொடவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே விமானத்தின் கதவு சாத்தப்பட்டது, படிக்கட்டு விலகியது.

தன் வேலையும் போய்விடும் என்று பயந்து மூடி மறைக்கப் பார்க்கிறாளோ? விமானம் மெல்ல நகர ஆரம்பித்தது. படிப்பாவது மண்ணாங்கட்டியாவது என்று மேஜைமேல் பாய்ந்து ஃபோனை எடுத்தான்.

அவள் அவன் கையைப் பிடித்து ஃபோனை வாங்கி வைத்தாள்.

"அத்தனை பேரும் செத்துடுவாங்க மேடம்!" குரல் உடைந்து அழுகையாக வந்தது.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது." மேஜை டிராயரைத் திறந்து எட்டாம் நம்பர் ஸ்பேனரை அவன் முன்னால் வைத்தாள். "நீங்க டீ குடிக்கப் போனப்ப நான்தான் எடுத்தேன்."

அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கையெழுத்து ஞாபகமும் வந்தது.

"அப்போ என் படிப்பு போச்சா மேடம்?"

அவள் ஜன்னல் வழியாகக் கீழே பட்டறையைப் பார்த்தாள்.

"அப்ளிகேஷன் போட்ட ஏழு பேர் பெட்டியிலயும் ஒண்ணொண்ணு எடுத்தேன். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான்."