சண்டே வரை

சிவாஜிநகர் பஸ் நிலையத்துப் புகையில் மாலை வெயில் மங்கி நிற்கிறது. வீட்டு வேலை செய்யும் எல்லம்மா, தமிழோ கன்னடமோ தெரியாத மேடத்திடம் விடுப்புச் சொல்லப் பழகுகிறாள். ஞாயிறு மகளுக்குக் கபடி இறுதிப் போட்டி; அவள் ஆடி இவள் பார்த்ததேயில்லை.

“ஐ ஆம் நாட் ஏபிள் டு கம் ஆன் சண்டே. சாரி மேடம், ஐ வில் கம்.”

உடன் வேலை செய்யும் மகா தலையில் அடித்துக்கொள்கிறாள். “வரலைன்னுட்டு நீயே வரேங்கிறியேக்கா! சண்டேன்னதும் நிறுத்திடு.”

“பழக்கம்டி,” என்று சிரிக்கிறாள் எல்லம்மா.

போன் அடிக்கிறது. மேடம்தான். எல்லம்மா எழுந்து நின்று எடுக்கிறாள். கண்டக்டர்களின் கூவலுக்கு மேல், சண்டே வரை சொல்லி முடிக்கிறாள். மறுமுனையில் பேச்சில்லை. எல்லம்மா முந்தானையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறாள்.